பாளையங்கோட்டை வீடு (குடும்பக் குழு): பிரவீனுக்கு அறை

சனிக்கிழமை

முத்து சித்தப்பா, இரவு 8:12
எல்லோருக்கும் நல்ல செய்தி. பிரவீனுக்கு இங்கிலாந்தில் ஈகமில் அறை கிடைத்துவிட்டது. கயல் தகவல் பாதுகாப்பு முதுகலை படிக்கிற அதே ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்துக்கு ஐந்து நிமிட நடை. மாதம் 550 பவுண்ட்தான். இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 1,650. இன்று இரவுக்குள் அனுப்பினால் அறை நமக்கு என்று ஓனர் சொல்லிவிட்டார்.

அம்மா, 8:14
ரொம்ப சந்தோஷம் முத்து. கயலுக்கும் துணையாச்சு.

சித்தி, 8:15
சுடலைமாடசாமிக்குத் தேங்காய் உடைக்கணும்.

கயல், 8:21
சித்தப்பா, பணம் அனுப்பிவிட்டீர்களா?

கயல், 8:21
அனுப்பாதீர்கள். தயவுசெய்து அப்படியே நிறுத்தி வையுங்கள். பிரவீன், அந்த லிங்க், போட்டோ, ஓனர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் எனக்குப் போடு.

முத்து சித்தப்பா, 8:23
இன்னும் அனுப்பவில்லை. விவரம் டைப் செய்துகொண்டிருந்தேன். என்னம்மா ஆச்சு?

பிரவீன், 8:25
அனுப்பிவிட்டேன் அக்கா. ஓனர் கப்பலில் வேலை செய்கிறாராம், இப்போது ஊரில் இல்லை. பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

கயல், 8:41
பார்த்தேன். இது ஏமாற்று வேலை, சித்தப்பா. சந்தேகமே இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால்,

அந்தச் சமையலறைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுப்புக்கு மேலே சுவரில் இருக்கிற பிளக் பாயின்டில் இரண்டு வட்ட ஓட்டைகள். இங்கிலாந்து வீட்டில் அது இருக்காது. இங்கே மூன்று நீளச்சதுரத் துளை. போட்டோவை நெட்டில் தேடினேன், வேறொரு நாட்டில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடும் வீட்டின் படம் அது.

அப்புறம் அந்த இணையதளம். உண்மையான ஒரு வாடகை ஏஜென்சியின் பெயரையே எடுத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு சேர்த்திருக்கிறார்கள். அவசரத்தில் யார் கண்ணுக்கும் படாது. அந்த முகவரியைப் பதிவு செய்து 11 நாள்தான் ஆகிறது. ஒன்பது வருஷமாக மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, இங்கே 2019-இலிருந்து சட்டமே இருக்கிறது. பொதுவாக வாடகை முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. 550-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 634 பவுண்ட். அவர் கேட்பது 1,100. வாங்கிய முன்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். அது எந்தத் திட்டம் என்று கேட்டுப் பார், பதில் வராது.

முத்து சித்தப்பா, 8:46
நகையை வைத்து எடுத்த பணம் அம்மா அது.

சித்தி, 8:47
கயலு, நீ மட்டும் இப்போது பார்க்கவில்லை என்றால்...

பிரவீன், 8:49
என் தப்புதான் அக்கா. கேம்பஸ் ஹாலில், அதான் பல்கலைக்கழக விடுதியில், வாடகை இதைவிட ரொம்ப அதிகம். அப்பாவுக்குச் செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தேன்.

கயல், 8:58
தப்பு உன்னுடையது இல்லை, அவனுடையது. செலவைக் குறைக்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் இதை எழுதியிருக்கிறான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்கும் இதுவரை சொன்னதில்லை. போன அக்டோபரில் எனக்கு ஒரு போன் வந்தது. உள்துறை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உன் விசாவில் பிழை இருக்கிறது, இன்றே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம் என்றார்கள். என் முழுப் பெயரும் படிப்பின் பெயரும் சரியாகச் சொன்னார்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாக்கலாம் என்று அதே வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். ஆனாலும் கை நடுங்கி, வங்கி ஆப்பைத் திறந்துவிட்டேன். பக்கத்து அறை நைஜீரியப் பெண் சமையலறையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கி வைத்தாள். அவளுக்கும் அதற்கு முந்தின மாதம் அதே அழைப்பு வந்திருந்ததாம்.

அம்மா, 9:01
இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை கண்ணு?

கயல், 9:02
நீங்கள் ராத்திரி தூங்க மாட்டீர்கள் என்றுதான் அம்மா. இனிமேல் சொல்கிறேன்.

பிரவீன், 9:06
அக்கா, நாமே அந்தத் தளத்தை உடைத்துவிடலாமா? உங்களுக்குத் தெரியும்தானே?

கயல், 9:13
கூடாது. விளையாட்டுக்குக்கூட இந்தப் பேச்சு வேண்டாம் பிரவீன். இங்கே 1990-ஆம் வருடத்துக் கணினிச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் போவதே குற்றம், அது திருடன் கணினியாக இருந்தாலும். விசாவோடு படிப்பும் போய்விடும். எங்களுக்கு லேப்பில் தனியாக மெய்நிகர் கணினிகள் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கியவை) தருகிறார்கள், பழகுவது எல்லாம் அதற்குள்தான். அந்த லிங்கை இங்குள்ள தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டேன். அடைப்பது அவர்கள் வேலை.

சித்தப்பா, ஒருவேளை எப்போதாவது பணம் போய்விட்டால் உடனே நம் ஊர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நேரம் தாழ்த்தினால் பணம் கைமாறிவிடும்.

தாத்தா, 9:20
கயல், எனக்கு ஒரு சந்தேகம். உன் படிப்பில் பகா எண்கள் வருகின்றன என்று உன் அப்பா சொன்னான். எதற்கு?

கயல், 9:34
தாத்தா! நீங்கள் இன்னும் தூங்கவில்லையா?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாது. அதை வைத்துத்தான் செய்தியை மறைத்து அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு. முதல் மாதம் சின்ன எண்களில் கையாலேயே போடச் சொன்னார்கள். பகா எண்கள் 3, 11. பெருக்கினால் 33. பூட்டும் எண் 7, திறக்கும் எண் 3. நான் அனுப்ப வேண்டியது 4 என்றால், 4-ஐ ஏழு முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 16. அதைத்தான் அனுப்புவேன். திறப்பது எப்படி என்று நீங்கள் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்த மீதிக் கணக்குதான் தாத்தா. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்த எனக்கு இந்தப் பாடத்தில் கை கொடுத்தது அதுதான். இங்கே 1992-லேயே இந்த முதுகலையைத் தொடங்கியிருக்கிறார்கள், கணிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரவீன், 9:40
அப்போது வீட்டுக்கு நான் என்ன செய்ய அக்கா?

கயல், 9:55
ஹாலுக்கே விண்ணப்பம் போடு. கெடு முடிவதற்குள், இன்றே. முதுகலைக்கு ஒரு முழு வருடம் ஆகும், கோடையில்தான் புராஜெக்ட். அதனால் எத்தனை வார ஒப்பந்தம் என்று பார்த்துப் போடு. இளங்கலைப் பிள்ளைகள் ஜூனில் காலி செய்கிற அறையை எடுத்துவிட்டால், புராஜெக்ட் எழுதும் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

காசு அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் மின்சாரம், ஹீட்டர், இணையம் எல்லாம் அதற்குள் அடங்கும். வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதே. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. குளியலறை பொதுவாக இருக்கிற அறையை எடு, அது மலிவு. நான் அப்படித்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

சித்தி, 9:58
சமையல்?

கயல், 10:04
எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை சித்தி. ஃபிரிட்ஜில் ஒரு தட்டுதான் நம்முடையது. கடுகு தாளிக்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முதல் வாரம் நான் கதவைத் திறந்து வைத்துத் தாளித்தேன், புகை நடைக்குப் போய் அலாரம் அடித்து, கட்டிடமே குளிரில் வெளியே நின்றது. பிரவீனுக்குப் புளிக்காய்ச்சல் கொடுத்துவிடுங்கள், முதல் பத்து நாள் ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

தாத்தா, காலை 5:38
16-ஐ மும்முறை பெருக்கினால் 4,096. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 4. நீ அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது கயல்.

பிரவீன், மாலை 4:10
அக்கா, விண்ணப்பம் போட்டாச்சு. ஹாலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அதில் ஒரு லிங்க் இருக்கிறது, அனுப்பட்டுமா? பார்த்துச் சொல்லுங்கள்.

கயல், 4:16
எனக்கு அனுப்ப வேண்டாம். லிங்கைத் தொடாதே. பல்கலைக்கழக முகவரியை நீயே டைப் செய்து உள்ளே போ. அங்கேயும் அதே தகவல் இருக்கிறதா என்று பார்.

பிரவீன், 4:29
இருக்கிறது அக்கா. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நடுவில் கோடு எதுவும் இல்லை.

கயல், 4:30
சரி. இப்போது சித்தப்பாவைக் கூப்பிடு, இரண்டு பேரும் சேர்ந்து கட்டுங்கள்.