சுழி, சுழல், சுழிப்பு: எட்டி கோவேரியன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நிலத்துக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வாயுப் பரிமாற்றத்தை, சுழன்று புரளும் காற்றுத் திரள்களை (எட்டி, eddy) வைத்து அளக்கும் முறையே எட்டி கோவேரியன்ஸ் (eddy covariance). அதற்கு 'சுழி உடன்மாறுபாடு' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். 'உடன்மாறுபாடு' (இரு அளவுகள் சேர்ந்து மாறுவது) பொருத்தம், 'சுழி' வேண்டாம். காரணம் அளவிடும் முறையிலேயே இருக்கிறது.

காட்டுக்கோ வயலுக்கோ மேலே நிற்கும் கோபுரத்தில் மீயொலிக் காற்றுமானி, மூன்று திசைகளிலும் காற்றின் வேகத்தை நொடிக்கு 10 அல்லது 20 முறை பதிகிறது. அருகிலுள்ள அகச்சிவப்புப் பகுப்பாய்வி கரியமில வாயுவின் செறிவையும் அதே விரைவில் பதிகிறது. அரை மணி நேரத் தரவை எடுத்து, செங்குத்துக் காற்று சராசரியிலிருந்து விலகும் அளவையும் செறிவு விலகும் அளவையும் பெருக்கிச் சராசரி கண்டால் பாயம் (flux), அதாவது ஓரலகுப் பரப்பை ஒரு நொடியில் மேலோ கீழோ கடக்கும் வாயுவின் அளவு, கிடைக்கும்.

கணக்கில் செங்குத்துக் காற்றின் சராசரி சுழியாக வேண்டும். கருவி 1 பாகை சாய்ந்திருந்தால் போதும், நொடிக்கு 3 மீட்டர் வீசும் கிடைக்காற்றில் நொடிக்குச் சுமார் 5 செ.மீ. செங்குத்துக் காற்றாகப் பதிவாகிவிடும். அதனால் அச்சுகளைச் சுழற்றித் திருத்துகிறோம். ஒரே பத்தியில் 'சுழி' பூச்சியத்தையும் 'சுழல்' அச்சுத் திருப்பத்தையும் குறிக்கும்போது, எட்டிக்கும் அவற்றையே வைத்தால் மாணவர் திணறிப்போவார். 'சுழிப்பு' என்றால் ஆற்றுநீரைப் பார்த்தவர்க்கு உடனே விளங்கும். ஆகவே 'சுழிப்பு உடன்மாறுபாட்டு முறை'.

பாயத்துக்கு 'உமிழ்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பிழையாகவே முடியும். பகலில் ஒளிச்சேர்க்கை மிஞ்சும்போது எண் எதிர்க்குறியில் வரும். 'எதிர்க்குறி உமிழ்வு' என்று எழுத நேரும். 'காந்தப்பாயம்' ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது, அதையே தொடரலாம்.

'நிகரப் பரிமாற்றம்' (காடோ வயலோ விடுவதும் எடுப்பதும் கழித்த மீதி) என்பதையும் கோபுர எண்ணுக்கு நேராக வைக்கக் கூடாது. காற்றடங்கிய இரவில் மண்ணும் மரமும் விடும் கரியமில வாயு இலைக்கவிகைக்குக் கீழேயே தங்கிவிடும். சரிவான நிலமாயின் பக்கவாட்டில் வழிந்தும் போகும். கோபுரம் குறைத்தே காட்டும். அதனால்தான் உராய்வுத் திசைவேகம் (காற்று எவ்வளவு வலுவாகக் கலக்கிறது என்பதைக் காட்டும் அளவு) வரம்புக்குக் கீழே போன அரை மணிகளை நீக்குகிறார்கள். கீழே தங்குவதை 'தேக்கம்' என்போம். செங்குத்துப் பாயமும் தேக்கமும் சேர்ந்ததே நிகரப் பரிமாற்றம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டில் இதுவும் முழுக் கணக்காகாது: நீரில் கரைந்த கரிமத்தை ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) வெளியே கொண்டுபோகும், அது கோபுரத்தின் கண்ணில் படாது. அதற்கு 'பக்கவாட்டுப் பாயம்' என்று தனிச்சொல் தேவை.

திறந்த பாதைப் பகுப்பாய்விக்கான (காற்றைக் குழாயில் இழுக்காமல் வெளியிலேயே அளக்கும் கருவிக்கான) அடர்த்தித் திருத்தத்துக்கும் சொல் வேண்டும். வெப்பமும் நீராவியும் காற்றை விரியச் செய்வதால் செறிவு குறைந்ததுபோல் தோன்றுகிறது. பயிரில்லாத வறண்ட நிலத்தில் இத்திருத்தம் பாயத்தையே விஞ்சிவிடும். 'விரிவுத் திருத்தம்' போதுமா, சொல்லுங்கள்.