புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கேன்சரில் மீண்டு, இப்போது மற்றவர்களுக்கு உதவுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? (சேலம், ஏற்காடு பக்கம்)

அம்மாப்பேட்டை தறிக்காரர் மகன்:

பயாப்ஸி எல்லாம் முடிந்து அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்த நேரம். வீடு எப்படி இருந்திருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். டாக்டர் சொல்லி அனுப்பினார் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார், அதே ஆபரேஷன் செய்துகொண்டவர். டீ குடித்தார், நூல் விலை பேசினார், அப்புறம் திடீரென்று மஞ்சப்பையில் கையை விட்டு, மூத்திரம் கசிந்தால் உறிஞ்ச உள்ளே வைக்கும் ஒரு பேடை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். "இதுக்குத்தானே பயம்? எனக்கும் அரை வருசம் இதுதானுங்க. இப்ப பலமா தும்மினா ரெண்டு சொட்டு வரும், அவ்வளவுதான்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா அதைக் கையில் எடுத்து, சேலையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வேட்டி கட்டினா வெளிய தெரியுமுங்களா?"

எத்தனையோ நாள் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன்பின் தெரியாதவரிடம் கேட்டார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், ஆனாலும் இது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏற்காடு எஸ்டேட்:

எங்கள் பக்கம் காபி உலர்த்தும் களத்தில் கூட்டம் போட்டு இந்த நோயைப் பற்றிப் பேசினார்கள். வந்தவர் நோயிலிருந்து மீண்டவர், நல்ல பேச்சுக்காரர். "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?" என்றதும் ஒரே சிரிப்பு. வயதான மேஸ்திரி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஜீப் பக்கத்தில் வந்து, மூத்திரத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், இடுப்பு வலிக்கு என்ன மருந்து என்று கேட்டார். படுத்தாலும் போகாத வலி, கொஞ்ச நாளாகக் கால் மரத்துப்போகிறதாம்.

அவ்வளவு நேரம் ஜோக் அடித்தவர் முகம் மாறிவிட்டது. "ஏறுங்க ஐயா" என்று அதே ஜீப்பில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மேஸ்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், கேன்சர் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், நடக்கிறார். இதே கூட்டம் முந்தின வருடம் நடந்திருந்தால்?

ஐந்து ரோடு:

மேலே எழுதியவருக்கு ஒரு வார்த்தை. முந்தின வருடம் நடந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நான் போன முகாமில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் பிஎஸ்ஏ (புராஸ்டேட்டில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். எனக்கு 4-க்கு மேல். ரிசல்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டதோடு அவர்கள் வேலை முடிந்தது, நான் உயில் எழுதும் அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் யூரின் இன்ஃபெக்ஷன். மாத்திரை சாப்பிட்டுச் சில வாரம் கழித்து எடுத்தால் இறங்கிவிட்டது.

அதனால் சொல்கிறேன், டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் சைக்கிள், உடலுறவு வேண்டாம். இன்ஃபெக்ஷன் இருந்தால் தள்ளிப்போடுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி மூத்திரம் போக அடிக்கடி எழுந்தாலே கேன்சர் என்று அர்த்தம் இல்லை, வயதானால் வரும் சாதாரண வீக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆரம்பக் கேன்சருக்கோ பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012-ல் இந்த டெஸ்டை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது, 2018-ல் மாற்றி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கலாம், 70 வயதும் அதற்கு மேலும் என்றால் வேண்டாம் என்றது. அவர்களே மாற்றி மாற்றிச் சொல்லும்போது களத்தில் நின்று மைக் பிடிப்பவர் யோசித்துப் பேச வேண்டாமா?

ஏற்காடு எஸ்டேட்:

அண்ணா, அன்றைக்கு யாருக்கும் ஊசி குத்தவில்லை. கால் மரத்தவரைத்தான் கூட்டிப்போனார். அதற்கு எந்தக் குழுவைக் கேட்க வேண்டும்?

அஸ்தம்பட்டி அக்கா:

சண்டை வேண்டாம். எங்கள் வீட்டுக்காரரும் இந்த நோயிலிருந்து மீண்டு, மற்றவர்களுக்குத் தைரியம் சொல்கிற இந்த வேலைதான் செய்கிறார். ராத்திரி போன் வரும். மழை, கிரிக்கெட், மகள் கல்யாணம் என்று அந்தப் பக்கம் ஏதோ ஓடும். பேச்சு நின்று, இவர் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால், தாம்பத்தியம் பற்றிய கேள்வி வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவை போன் செய்தவரின் மனைவி போனைப் பிடுங்கி, "எனக்கு அவர் உசிரோட இருந்தா போதும்னு நீங்களாவது சொல்லுங்க" என்று அழுதிருக்கிறார். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் அதே கேள்விகள் இருந்தன, என்னிடம் யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

அம்மாப்பேட்டை தறிக்காரர் மகன்:

அக்கா, அந்த பேட் எங்கே கிடைக்கும்? மெடிக்கலில் கேட்டால் பெரியவர்கள் டயப்பரைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:

ஆண்களுக்கான பேட் என்றே கேளுங்கள் தம்பி, முன்பக்கம் அகலமாக இருக்கும். ஸ்டாக் இல்லையென்றால் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அதோடு இறுக்கமான ஜட்டியும் வாங்குங்கள், லூசாக இருந்தால் பேட் நகர்ந்துவிடும்.