20 எம்பிபிஎஸ் வரம்புக்கு 7 தான் வருகிறது. போலீசிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் சிஸ்கோ ரவுட்டரில், இணையத்திலிருந்து உள்ளே வரும் போக்குவரத்துக்கு 20 எம்பிபிஎஸ் என்று போலீசிங் (வரம்பை மீறும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கைவிடும் முறை) அமைத்தேன். பதிவிறக்கம் 7-ஐத் தாண்டவில்லை. வரம்பை எடுத்துவிட்டால் 50 வருகிறது, ஆகவே லைனில் கோளாறு இல்லை. வரம்பு மீறியதாகக் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையோ கண்முன்னே ஏறிக்கொண்டிருக்கிறது.

பர்ஸ்ட் அளவை (ஒரே மூச்சில் வர அனுமதிக்கும் தரவின் அளவு) 8,000 பைட் என்று கொடுத்ததுதான் என் தவறோ என்று சந்தேகிக்கிறேன். 1,500 பைட் பாக்கெட்டுகள் ஐந்து சேர்ந்தாற்போல் வந்தாலே டோக்கன் (அந்த அனுமதியின் இருப்பு) தீர்ந்துவிடும். ஆறாவது கைவிடப்பட்டதும் டிசிபி (தரவை அனுப்பும் நெறிமுறை) வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒன்றரை விநாடியில் வரும் தரவையே பர்ஸ்ட் அளவாக வைக்கும் கணக்குப்படி 37,50,000 பைட் வருகிறது. அவ்வளவு வைத்தால் வகுப்பு நேர வீடியோ அழைப்புகள் திணறுமா? அல்லது ஆய்வகப் பக்க இடைமுகத்தில் ஷேப்பிங் (மிகுதியை உடனே கைவிடாமல் வரிசையில் நிறுத்தித் தாமதித்து அனுப்பும் முறை) வைப்பதே நல்லதா? அனுபவப்பட்டவர்கள் உங்கள் அளவுகளைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை மாணவர்களுக்கு இணையவழித் தேர்வு இருக்கிறது.