‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படிப் பிறந்தது?

கேள்வி:
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பாடத்தில் வந்த ‘பாய்காட்’ என்ற சொல்லைச் ‘சிறுவன்’ என்றும் ‘கட்டில்’ என்றும் பிரித்து எழுதி வைத்துக்கொண்டு, இவற்றுக்கும் புறக்கணிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1:
அச்சொல்லைப் பிரிக்க இயலாது; அது ஒருவருடைய குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் (1832–1897) என்ற ஆங்கிலேயர், அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தார். விளைச்சல் பொய்த்திருந்த நிலையில், 1880-இல் பிரபு குத்தகையில் 10 விழுக்காடு குறைக்க முன்வந்தார். குடியானவர்களோ 25 விழுக்காடு கேட்டார்கள். அவர் மறுத்துவிட, அவர்களை வெளியேற்றும் நோட்டீஸ்கள் புறப்பட்டன. அதன்பின் பாய்காட்டின் பண்ணையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் அவருக்குச் சரக்குத் தர மறுத்தார்கள். கொல்லரும் சலவை செய்துவந்த பெண்ணும் தபால் பை சுமந்த சிறுவனும்கூட மிரட்டலுக்கு ஆளானார்கள். வயலில் கிடந்த கிழங்கை எடுக்க வடக்கிலிருந்து 50 பேர் படைக் காவலுடன் வரவேண்டியிருந்தது. சுமார் 500 பவுண்டு விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே பாய்காட் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்.

மறுமொழி 2:
பெயர் வினைச்சொல்லான கதையையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற சொல் இருந்தது. பழைய ஏதென்ஸில் நாடுகடத்த வேண்டியவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்களித்த வழக்கத்திலிருந்து வந்தது அது. அந்தக் கிரேக்கச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்று கருதிய ஜான் ஓமாலி என்ற உள்ளூர்ப் பாதிரியார், அதற்குப் பதிலாகப் பாய்காட்டின் பெயரையே வினையாக்கலாம் என்றார். சில வாரங்களுக்குள் லண்டன் நாளிதழ்களே அதை எழுதத் தொடங்கிவிட்டன. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்தவர்கள் அந்நியத் துணிகளை விலக்கியபோது அவர்களுக்கும் இச்சொல்லே கைகொடுத்தது.

மறுமொழி 3:
பொருளைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ‘புறக்கணித்தல்’ என்பது ஒருவரைக் கவனியாமல் விடுவதையும் குறிக்கும்; அதைத் தனியொருவரும் செய்யலாம். பாய்காட்டுக்கோ பலர் கூடி எடுத்த முடிவும், எதிராளியைப் பணியவைக்கும் நோக்கமும் வேண்டும். இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் ‘பகிஷ்கரிப்பு’ என்பது இதற்கு இன்னும் நெருக்கமானது என்பது என் கருத்து; ‘வெளியே தள்ளுதல்’ என்ற வடமொழிப் பொருளிலிருந்து வந்தாலும், அதைக் கேட்டவுடன் பலர் சேர்ந்து எடுத்த முடிவுதான் நினைவுக்கு வருகிறது.