சமையல்காரர் சாப்பிடும் கடையை நம்பிப் போகலாமா?

உப்புக்கல்:

கன்னியாகுமரியில் ஒரு விடுதியில் பதினோரு வருடமாக அடுப்படியில் நிற்கிறேன். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் முதல் முடிவெட்டுகிறவர் வரை எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “அது சரி, நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?”

நான் வேலை செய்யும் இடத்தில் சாப்பிடுவதில்லை. மோசமான சமையல் என்பதால் அல்ல. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கே இருந்து சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்கு ரொட்டி வேண்டும், பனீர் வேண்டும், பருப்பில் சீரகம் தாளித்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு அண்டா வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்துக் கிரேவி போட்டுவிடுவோம். அந்த ஒரே கிரேவி மதியம் ஏழு பெயரில் மேசைக்குப் போகும். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அண்டாவை மாற்றிப் பெரிதாக வாங்கினோம். முக்கடலைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கப் பனீர் கிளறுகிறவனின் மனநிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு. இரண்டு பஸ் மாறி, குளச்சல் பக்கம் ஒரு அக்கா நடத்தும் மெஸ்ஸுக்குப் போவேன். ஐந்து பெஞ்சு, ஒரு மின்விசிறி. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், பிறகு ஒரு கட்டன்சாயா. கிழங்கை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சதைத்துப் போட்டு மசித்திருப்பார். கறியில் தேங்காய் அரைப்பு பட்டுப்போல இருக்கும். அவசரத்துக்கு மிக்ஸியில் ஓட்டினால் சூடேறித் தேங்காய் எண்ணெய் கக்கிவிடும். கொதிக்கும்போது அரைப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அந்தச் சட்டியில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

வேறு மூன்று விடுதிகளின் சமையல்காரர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: சமையல்காரன் தன் கைக்காசைக் கொடுத்துச் சாப்பிடும் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கைபேசியில் நட்சத்திரம் போடுகிறவர்களை நம்ப வேண்டியதில்லை.

ஆரல் காற்று:

கண்ணை மூடிக்கொண்டு நம்பிப் போனவன் எழுதுகிறேன்.

தெரிந்த சமையல்காரர் ஒருவர் நாகர்கோவிலில் ஒரு கடையைச் சொன்னார். கடைப் பெயர் வேண்டாம். மதியம் இரண்டரைக்குப் போனேன். ஆறிப்போன சோறு, வால் துண்டு, சட்டியின் அடியில் கிடந்த குழம்பு. சரி, தாமதமாக வந்தது என் தவறு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சமையல்காரர் உள்ளே வந்தார். உட்கார்ந்தவுடன் அவருக்குத் தனிக் கிண்ணத்தில் மீன் தலை வந்தது. அப்போதுதான் பொரித்த பப்படம் இரண்டு வந்தது. சோற்றில் ஆவி பறந்தது. என்னைப் பார்த்து, “எப்படி, சொன்னது சரிதானே?” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட கடை வேறு, நான் சாப்பிட்ட கடை வேறு. கூரை மட்டும் ஒன்று. ஒரே தொழில்காரர்கள் ஒருவரையொருவர் கவனிக்கிற கவனிப்பை வைத்துக்கொண்டு ஊருக்கு வழி சொல்லக் கூடாது, உப்புக்கல் அண்ணாச்சி.

விளவங்கோட்டான்:

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து நிலவரம் வேறு. இங்கே ஹோட்டல் அடுப்பு அணைய இரவு பதினொன்றரை ஆகும். அதற்குப் பிறகு எந்தக் கடை திறந்திருக்கிறதோ அதுதான் அவர்களுக்குப் பிடித்த கடை. பொரோட்டாவும் பீஃப் வறுவலும். ஓய்வு நாள் வந்தால் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போவார்கள். நம் பக்கம் கள்ளுக்குத் தடை, அந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. கப்பையும் மீனும் கண்ணில் தண்ணீர் வருகிற காரத்தில் இருக்கும். “சாப்பாட்டுக்காகத்தான் போகிறோம்” என்பார்கள். நானும் நம்பியதாகக் காட்டிக்கொள்வேன்.

ஆரல் காற்று:

பார்த்தீர்களா? கண்ணில் தண்ணீர் வருகிற காரம் இருந்தால்தான் அவர்களுக்கு உறைக்கிறது. நாள் முழுக்கப் புகையிலும் மசாலாவிலும் நின்று மரத்துப்போன நாக்கு அது. அந்த நாக்கையா நாம் பின்தொடர வேண்டும்?

உப்புக்கல்:

மரத்துப்போவது நாக்கு இல்லை, மூக்கு. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரே வாசனையில் தொடர்ந்து நின்றால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பூக்கடைக்காரருக்குப் பூவாசம் தெரியாது, தோவாளைப் பூச்சந்தைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் குழம்பு இறக்கும் முன் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பையனைக் கூப்பிட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, “பாரடா” என்போம். அவன் முகத்தைத்தான் பார்ப்போம்.

திங்கட்கிழமை காலையில் நான் காரம் தொடுவதில்லை. ஒரு குழல் புட்டு, இரண்டு மட்டி வாழைப்பழம், அவ்வளவுதான். பிசைந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் மதியத்துக்குள் மூக்கு திரும்பிவிடும். நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது அதற்கு முன்பே மருந்து.

மீன் தலை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஆக்குப்புரை:

நான் தவசிப்பிள்ளையின் மகன். அப்பா நாஞ்சில் நாட்டில் முப்பது வருடம் கல்யாணச் சமையல் செய்தவர். ஆயிரம் இலை, ஆயிரத்து இருநூறு இலை எல்லாம் அவருக்குச் சாதாரணம். ராத்திரி முழுக்க ஆக்குப்புரையில் நின்று அவியல், எரிசேரி, உள்ளித்தீயல், அடைப்பிரதமன் என்று இறக்குவார். கடைசிப் பந்தி எழுந்த பிறகு எங்களை உட்காரச் சொல்லி அவரே விளம்புவார். அவர் இலையில் மட்டும் சோறும் மோரும் ஒரு துண்டு நாரத்தங்காயும். தான் வைத்த பிரதமனை அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாதத்தில் ஒருநாள் என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போவார். என்ன வாங்கித் தருவார் தெரியுமா? தோசை. சில நாள் ரசவடை. கல்யாணப் பந்தியில் தோசைக்கு இடமில்லை. அவர் கையால் ஒருபோதும் சுடாத பொருள் அது. எதிரில் உட்கார்ந்து ஓரம் முறுகியதை முதலில் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். அவர் தேடியது சிறந்த சாப்பாட்டை அல்ல, வேறொருவர் கையை என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கடையைச் சோதிக்காமல் உட்கார மாட்டார். முதலில் பப்படம் ஒன்று கேட்பார். அதைத் தின்ன மாட்டார். இரண்டாக ஒடித்து மூக்கருகே கொண்டுபோவார். பழைய தேங்காய் எண்ணெயின் காறல் நெடி வந்தால், பப்படத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு, “வா மக்கா” என்று எழுந்துவிடுவார். அப்படி நடுச்சாலையில் பசியோடு நின்ற நாட்களும் உண்டு.

ஆரல் காற்று:

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது: திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. உங்கள் அப்பா ஒரு பப்படத்தில் முடித்துவிட்டார்.

ஆனாலும் கவனியுங்கள்: இது எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதல்ல, எப்படிப் பார்ப்பது என்பது. சமையல்காரரிடம் அதைக் கற்றுக்கொள்ளலாம். கடை விலாசத்தை வாங்கிக்கொண்டு போவதால் பயன் இல்லை.

குளச்சல் மதினி:

என் மகன் இந்தப் பேச்சை எடுத்துக் காட்டினான். ஐந்து பெஞ்சு, ஒரு மின்விசிறி என்று எழுதியிருக்கிற தம்பி யார் என்று எனக்குத் தெரியும். இப்போது இரண்டு மின்விசிறி.

சமையல்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடை கழுவிவிடும் நேரத்துக்கு வருவார்கள். பத்து நிமிடத்தில் தின்று முடிப்பார்கள். நன்றாக இருந்தது என்று வாய் திறந்து ஒரு சொல் வராது. கறி பிடித்திருந்தால் இரண்டாவது முறை சோறு கேட்பார்கள், நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து, “அம்மியா, கிரைண்டரா?” என்று கேட்டார். கிரைண்டர்தான் என்றேன். கல் சூடேறினால் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் தெளித்து அரைக்கிறேன், அவ்வளவுதான் இரகசியம்.

ஆனால் ஒரு கேள்வி அவர்கள் மட்டும்தான் கேட்பார்கள்: “இது எந்தக் கரை மீன்?” மற்றவர்கள் நெய்மீன் இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்பார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. அந்த நாட்களில் வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவருகிற சாளையும் அயலையும் நெத்திலியும்தான் என் கடையில். அப்போது ஒரு பெரிய கடையில் இலை அகலத்துக்கு நெய்மீன் துண்டு வைத்தால், அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று அவர்கள் மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். நீங்களும் போடலாம், அதற்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை.

ஆரல் காற்று:

அக்கா சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் சமையல்காரராக இருந்த அந்தோணி போர்டெய்ன் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில், திங்கட்கிழமை உணவகத்தில் மீன் கேட்காதீர்கள் என்றார். வார இறுதிக் கூட்டத்துக்காக வியாழன் வாக்கில் வாங்கியது திங்கள்வரை கிடக்கும் என்பது காரணம். காலம் மாறிவிட்டது, இப்போது சாப்பிடலாம் என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். நியூயார்க் எக்கேடும் கெடட்டும். குளச்சலில் திங்கட்கிழமை எப்படி?

குளச்சல் மதினி:

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கோயில், பூசை, வலை சீராக்குவது, தூக்கம். திங்கள் விடியலில்தான் வள்ளம் இறங்கும். அது திரும்பி வந்து, ஏலம் போய், என் கைக்கு மீன் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும். அதனால் திங்கட்கிழமை மதியம் என் கடையில் மீன்கறி கிடையாது. பருப்பு, தீயல், பப்படம், மாங்காய் ஊறுகாய். கரும்பலகையிலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

ஆரல் காற்று:

ஒரு நிமிடம்.

உப்புக்கல் அண்ணாச்சிக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. திங்கட்கிழமைதான் இரண்டு பஸ் மாறிப் போகிறார். போய், கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுகிறார். அரைப்பு பட்டுப்போல இருக்கிறது. மெஸ் நடத்துகிறவரோ திங்கள் மதியம் மீன்கறியே இல்லை என்கிறார்.

அண்ணாச்சி, அது என்ன மீன்கறி?

விளவங்கோட்டான்:

நான் கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உப்புக்கல்:

மீன் தலை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் என்றேன் அல்லவா, வந்துவிட்டேன்.

அது சனிக்கிழமைக் கறி. மண்சட்டியில் வைத்து, ஞாயிறு காலையும் மாலையும் சூடாக்கி, புளி மீனுக்குள் இறங்கி, குழம்பு வற்றிச் சட்டியின் ஓரத்தில் கறுப்பாகப் பிடித்திருக்கும் கறி. அதில் மீன் துண்டு முழுதாக இருக்காது, தொட்டால் உதிரும். அந்த ஓரத்தைக் கிழங்கால் வழித்துச் சாப்பிட வேண்டும். எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை வீட்டில் கிடைத்தது. எந்த விடுதியிலும் அதை விற்க முடியாது, முந்தாநாள் கறி என்று கேட்டாலே வாடிக்கையாளர் எழுந்துவிடுவார். நானே எங்கள் விடுதியில் மீந்ததை இரவே கொட்டச் சொல்கிறவன்தான்.

முதல்முறை போனபோது பருப்புதான் இருந்தது. உள்ளேயிருந்து வாசனை வந்தது. கேட்டேன். அக்கா கொடுத்தார். அந்த மூன்று விடுதிக்காரர்களும் இப்படித்தான் மோப்பம் பிடித்து வந்தவர்கள்.

ஆரல் காற்று:

அப்படியானால் நான் முதலில் சொன்னதுதானே? அவர் சாப்பிட்ட கடை வேறு. கரும்பலகையில் இல்லாத கறி.

குளச்சல் மதினி:

அது கடைக்கறி இல்லை, எங்கள் வீட்டுச் சட்டி. என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் வைத்தது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கிழங்குக்கும் சாயாவுக்கும் மட்டும்தான். தம்பி கைக்காசு என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆக்குப்புரை:

அக்கா, அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. தோசைக்கும் ஆசை போய்விட்டது. வற்றிய மீன்கறி என்று இதைப் படித்துக் காட்டினேன். “எங்கே?” என்று கேட்டார். ஒரு திங்கட்கிழமை கூட்டிவரலாமா?

ஆரல் காற்று:

கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விசாரணைக்காக நானும் வரலாமா?

குளச்சல் மதினி:

சட்டி ஒன்றுதான். இந்த வாரம் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த திங்கள் என்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லிவிடுங்கள், மீன் வாங்கும் முன்னால். எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். பெரியவருக்குப் பப்படம் புதிதாகப் பொரித்து வைக்கிறேன், மோந்து பார்க்கட்டும்.