மோசின்-நாகான்ட் 91/30: புதுப்பிப்பு முத்திரை படிக்க உதவி தேவை

இது சோவியத் ராணுவ ரைஃபிள். குழலின் பின்முனையில் முக்கோணத்துக்குள் அம்பு, 1939 என்ற ஆண்டு. ஆக இஷெவ்ஸ்க் ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. பக்கத்தில் குறுக்குக்கோடு போட்ட சதுரம். அது புதுப்பிப்புக் குறி (ராணுவப் பணிமனையில் பழுதுபார்த்ததன் அடையாளம்), அதில் சந்தேகமில்லை. குழப்பம் எண்களில்தான்.

குழலில் இரண்டு சிரில்லிக் எழுத்துகளோடு வரிசை எண். போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) அதே எண், ஆனால் எழுத்துரு வேறு, அச்சும் ஆழமில்லை. மேகசின் (தோட்டா அறை) அடித்தட்டிலும் மரக்கட்டையின் பின்தகட்டிலும் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதியதைப் பொறித்திருக்கிறார்கள். (இதையும் எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் என்ற பொருளில் ‘எண் பொருந்தும்’ என்றுதான் விற்கிறார்கள்!) ரிசீவரின் (குழலைத் திருகி, போல்ட்டைத் தாங்கும் உலோகப் பகுதி) பின்பக்க வாலின் அடியில் 1938 என்றிருக்கிறது, ரிசீவர் முன்பே செய்யப்பட்டிருக்கலாம் என்பதால் அது பிரச்சினையில்லை.

கேள்விகள் இரண்டு. போல்ட்டின் பழைய எண்ணைத் தேய்த்து அழித்த தடம் தெரிகிறதா? கட்டையில் சாய்சதுரத்துக்குள் மங்கலான ஓர் எண் இருக்கிறது, அது 1 ஆ, 5 ஆ?

படங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில், சுண்ணக்கட்டித் தூள் தடவி எடுத்தவை. தோட்டா இல்லை, போல்ட் கழற்றியிருக்கிறது. உப்புத்தாள் போடச் சொல்லாதீர்கள், முத்திரையின் விளிம்பு போய்விடும். ஆல்கஹாலும் வேண்டாம், கட்டையின் ஷெல்லாக் பூச்சு கரையும்.