பெரிய டேபிள், ஒரு குவெரி, இரண்டு டீம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

2018-ல் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட். பாலிசி விவரமெல்லாம் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில், ஐபிஎம்மின் டிபி2 டேட்டாபேஸில் இருந்தது. நான் ஜாவா பக்கம். ஏஜென்ட்கள் பாலிசி தேடும் திரை என் பொறுப்பு. டெஸ்ட்டில் 2,000 வரிசைதான், எல்லாம் உடனே வந்தது. ப்ரொடக்ஷனில் 9 கோடி. லைவ் போன அன்று மதியமே -905 என்று எரர் வரத் தொடங்கியது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்றே எனக்குத் தெரியாது.

அதே மாடியின் மறு கோடியில், மெயின்ஃபிரேமின் பழைய ப்ரோகிராம் மொழியான கோபோலில் எழுதும் டீம். 2000-ஆம் ஆண்டின் தேதிச் சிக்கலான ஒய்2கே சமயத்தில் வேலைக்கு வந்த ஒரு சார் அங்கே இருந்தார். தயங்கித்தான் போனேன். டேட்டாபேஸுக்கு நான் அனுப்பும் கேள்வியான குவெரியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த ஒரு பக்கத்தைக் காட்ட, டேபிள்ல எத்தனை வரிசையைத் தொட வேண்டியிருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. 50 வரிசை வருகிறது என்பது மட்டும்தான் என் கணக்கில் இருந்தது.

-905 என்றால், ஒதுக்கிய சிபியு அளவு தீர்ந்துபோய் டிபி2 குவெரியை நிறுத்திவிட்டது என்று விளக்கினார். அவர்களுடைய கோபோல் ப்ரோகிராமில் எஸ்க்யூஎல் (குவெரி எழுதும் மொழி) முன்கூட்டியே பைண்ட் ஆகி, அதாவது தயாராகி, எந்த இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) வழியாகப் போவது என்பது முடிவாகியிருக்கும். ஜாவாவிலிருந்து நான் அனுப்புவது டைனமிக். ஓடும் நேரத்தில்தான் வழி முடிவாகும், அந்த வரம்பும் அதற்குத்தான்.

பிறகு, டிபி2 எந்த வழியில் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டு இருவரும் பார்த்தோம். தொடங்கிய தேதி இருக்கும் நெடுவரிசையை எழுத்தாக மாற்றி, முதல் 4 எழுத்து 2012 என்று கேட்டிருந்தேன். அதனால் தேதி இண்டெக்ஸ் பயன்படவே இல்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று மாற்றியதும் அது சரியானது.

பெரிய தப்பு பக்கம் பிரித்ததில் இருந்தது. 400-ஆவது பக்கம் வேண்டுமென்றால் ஆஃப்செட் 19,950, அதாவது அத்தனையைத் தாண்டி எடு, என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸ் அத்தனை வரிசையையும் படித்து, தள்ளிவிட்டு, அப்புறம்தான் 50-ஐத் தரும். அடுத்த பக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்து. சார், ராத்திரியில் மொத்தமாகத் தானே ஓடும் தன் பேட்ச் ஜாப் ஒன்றைத் திறந்து காட்டினார். 30 லட்சம் வரிசை முடித்த நிலையில் ஜாப் விழுந்தால் முதலிலிருந்து ஓட்ட மாட்டார்கள். கடைசியாக கமிட் ஆன (நிரந்தரமாகப் பதிவான) பாலிசி எண் செக்பாயின்ட் என்ற குறிப்பில் இருக்கும், அதற்கு மேற்பட்ட எண்களை மட்டும் கேட்டு, முடிவை வரிசை வரிசையாக எடுத்துத் தரும் கர்சரைத் திறப்பார்கள். "உங்க அடுத்த பக்கமும் இதேதானே?" என்றார்.

அதேதான். திரையில் கடைசியாகத் தெரிந்த பாலிசி எண்ணை அனுப்பி, அதற்கு மேலே உள்ளதில் முதல் 50 என்று கேட்டேன். பக்கம் உடனே வந்தது. வெப் உலகில் இதற்குக் கீசெட் பேஜினேஷன் என்று பெயர். அதைப் பற்றிப் படித்துமிருக்கிறேன். ஆனால் அந்த ஜாப்பைப் பார்த்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

— — —

நானும் அப்படியொரு மறு கோடிக்காரிதான். 20 வருடமாகக் கோபோல், டிபி2.

எங்களுக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வெப் டீம் தம்பியிடம், "ஏன் ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கறீங்க? கர்சரைத் திறந்தே வச்சுட்டு அடுத்த 50-ஐ ஃபெட்ச் பண்ணலாமே" என்றேன். எங்கள் பேட்ச்சில் அப்படித்தான், கமிட்டைத் தாண்டியும் கர்சரைப் பிடித்து வைக்கலாம். அவர் பொறுமையாக விளக்கினார். ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், இன்னொருவர் டேபையே மூடிவிடுவார். கனெக்ஷன் பூலில், அதாவது எல்லோரும் பகிரும் டேட்டாபேஸ் இணைப்புகளில், இருப்பது 40. ஆளுக்கொன்று பிடித்து வைத்தால் 41-ஆவது ஆள் நிற்க வேண்டியதுதான். எங்கிருந்து தொடர வேண்டும் என்பது ஒவ்வொரு கோரிக்கையோடும் வந்தாக வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, எங்கள் டேபிளில் முடிவுத் தேதி 9999-12-31 என்றிருந்தால் "இன்னும் முடியவில்லை" என்று பொருள். எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி, அதனால் யாரும் எழுதி வைக்கவில்லை. வாடிக்கையாளர் திரையில் அப்படியே 9999 என்று வந்துவிட்டது. அந்தத் தப்பு முழுக்க எங்களுடையது. அதற்கப்புறம் ஒவ்வொரு டேபிளுக்கும் இப்படிப்பட்ட மதிப்புகளை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.

— — —

எங்கள் கம்பெனியில் இருப்பது ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கணினி. அதன் ப்ரோகிராம் மொழியான பழைய ஆர்பிஜி-யில் ஃபீல்டு பெயருக்கு 6 எழுத்துதான் இடம், அதனால் எங்கள் டேபிள்களில் எல்லாம் சுருக்கெழுத்து. வெப் டீம், குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் என்ற கருவி வழியாக எடுத்தார்கள். ஒரு ஆர்டர் பட்டியலைத் திறந்தால் லாகில் 601 குவெரி: பட்டியலுக்கு 1, பிறகு 600 ஆர்டருக்கும் தனித்தனியாக வாடிக்கையாளர் பெயர். நான் இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து (இணைத்து), ஒரே டேபிள் போல வாசிக்கக்கூடிய ஒரு வியூ எழுதினேன். அந்தப் பக்கத்துத் தங்கை, நெடுவரிசைகளுக்குப் படித்தால் புரிகிற முழுப் பெயர் வைத்தார். 601 ஒன்றானது. 25 வருடமாக நான் பார்த்துவந்த டேபிளை வேறு ஒருவர் முதல்தடவையாக வாசித்துப் புரிந்துகொண்டதும் அந்த வியூ வழியாகத்தான்.